பெரியம்மா கேட்ட நாட்டியம்

என் பெரியம்மாவுக்குக் கண் தெரியாமல் போய் ஆறு வருடம் ஆகிறது. இனிப்பு நீர் நோய் முதலில் இடது கண்ணைப் பிடித்தது, அப்புறம் வலது கண். கோலாலம்பூரின் செந்தூலில் பிறந்து வளர்ந்தவர். பரதநாட்டியம் கற்றதில்லை. ஆனால் மகளை வகுப்புக்கு அழைத்துப்போய், பத்துப் பன்னிரண்டு வருடம் வாசல் பெஞ்சில் காத்துக்கிடந்தவர். தாளம் போடும் தட்டுக்கழி பலகையில் விழும் சத்தமும் ஆசிரியையின் குரலும் அவர் காதில் அப்படியே தங்கிவிட்டன.

போன வருடம் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் அரங்கேற்றத்துக்கு அவரைக் கூட்டிப்போனேன். மண்டப வாசலில் பதினோரு படி, கைப்பிடி கிடையாது. ஒருவழியாக ஏறி உள்ளே போய் உட்கார்ந்தோம். வர்ணம் என்ற நீண்ட உருப்படி தொடங்கி, முதல் ஜதி, அதாவது தாளச் சொற்களுக்கு ஆடும் பகுதி, முடிவதற்குள் பெரியம்மா என் உள்ளங்கையில் விரலால் தட்ட ஆரம்பித்துவிட்டார். “வலது பக்கம் போறா பாரு. இப்ப நாட்டடவு. கால் கொஞ்சம் பிந்துது, களைச்சிட்டா போல.” அடவு என்பது ஆட்டத்தின் அடிப்படை அசைவு, நாட்டடவு அதில் ஒரு வகை. நான் மேடையைப் பார்த்தேன். சொன்னது அத்தனையும் சரி. அந்தக் களைப்பை அதுவரை நான் கவனித்திருக்கவே இல்லை.

பிறகு பதம் வந்தது, முகத்தாலும் கையாலும் பாவம் காட்டி ஆடும் பாட்டு. பாடகி ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ பெரியம்மா என் பக்கம் சாய்ந்து கேட்டார். “ஏன் பாப்பா, அதே வரியை இத்தனை தடவை பாடுறாங்க?”

பாட்டு மாறவில்லை. மேடையில் எல்லாமே மாறிக்கொண்டிருந்தது. ஒரு தடவை அந்தப் பெண் வாசலில் நின்று வழி பார்த்தாள். அடுத்த தடவை, தொடுத்து வைத்த பூவை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டாள். அதற்கடுத்து தோழியிடம் கோபித்துக்கொண்டாள். நான் பெரியம்மா காதில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். முன்வரிசையிலிருந்து இரண்டு பேர் திரும்பி முறைத்தார்கள். நிறுத்திவிட்டேன். பதம் முடியும்வரை பெரியம்மா அந்த ஒரே வரியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த இரவுக்குப் பிறகுதான், மாற்றுத்திறனாளி நடனக் கலைஞர்கள் உலகத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். அதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் ஆலிஸ் ஷெப்பர்ட்.

ஷெப்பர்ட் நடனக்காரராகத் தொடங்கியவர் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடைக்கால இலக்கியம் கற்பித்த பேராசிரியர், சக்கர நாற்காலியில் இயங்குபவர். 2004இல் ஒரு கருத்தரங்கில் ஹோமர் அவிலா என்ற நடனக் கலைஞரைச் சந்தித்தார். அவிலா புற்றுநோயால் ஒரு காலை இழந்த பிறகும் மேடையை விடாதவர். ஒரு நடன வகுப்புக்காவது போய்ப் பார்க்க முடியுமா என்று அவர் ஷெப்பர்டிடம் சவால் விட்டார். அதே ஆண்டு அவிலா இறந்துபோனார். ஷெப்பர்ட் வகுப்புக்குப் போனார், பிறகு பேராசிரியர் வேலையையே விட்டுவிட்டார். ஓக்லண்டில் 1987இல் தொடங்கிய ஆக்சிஸ் நடனக் குழுவில் ஆடினார். 2016இல் கைனட்டிக் லைட் என்ற தன் குழுவைத் தொடங்கினார்.

இந்தக் குழுவின் ‘டிசென்ட்’ என்ற படைப்பில் ஷெப்பர்டும் லாரல் லாசனும் ஆடுகிறார்கள். இருவரும் சக்கர நாற்காலிக்காரர்கள். வீனஸ், ஆந்த்ரோமிடா என்ற இரு பெண்களை வைத்து ரோதான் செய்த சிற்பம்தான் அதற்குத் தூண்டுதல். ஒளி அமைத்த மைக்கேல் மாக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவர். அதில் முக்கியமானது மேடைதான். மேடை முழுக்க ஒரு சாய்தளம். அது நேராகச் சரியும் பலகை இல்லை, மேடும் வளைவும் உச்சியும் உள்ள ஒரு சின்ன மலை மாதிரி. ஓலின் பொறியியல் கல்லூரி மாணவர்களும் சாரா ஹெண்ட்ரென் என்ற வடிவமைப்பாளரும் சேர்ந்து உருவாக்கியது.

சாய்தளம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கட்டடத்தின் பின்பக்கம், குப்பைத்தொட்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் ஒரு சிமெண்டுச் சரிவு. 12 அடி நீளத்துக்கு 1 அடிதான் ஏறலாம் என்பது பல நாடுகளில் பழக்கத்தில் உள்ள கணக்கு. அது தேவைதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கு ஆளை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு மட்டும் போட்டது. ஷெப்பர்டின் சாய்தளத்தில் எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை. அதில் ஏறுவதும் இறங்குவதும் சறுக்குவதும் ஆனந்தத்துக்கு.

அந்தச் சரிவில் சக்கரம் செய்வதைக் காலால் செய்ய முடியாது. கால் ஒவ்வோர் அடிக்கும் தரையைத் தொட்டு நின்று மறுபடி கிளம்ப வேண்டும். சக்கரத்துக்கு அந்த நிறுத்தம் கிடையாது. இறக்கத்தில் வேகம் சேர்கிறது, வளைவில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து அந்த வேகத்தைத் திருப்புகிறது, ஏற்றத்தில் தோளும் கையும் மொத்த எடையையும் இழுக்கின்றன, உச்சியில் எல்லாம் ஒரு கணம் தொங்குகிறது. இதைப் பார்த்த பிறகு சக்கர நாற்காலியைக் கால் இல்லாத குறைக்கு ஒரு ஈடு என்று நினைக்க என்னால் முடியவில்லை. அது தனக்கென்று ஓர் அடவு வரிசை உள்ள கருவி.

இந்த எண்ணம் ஷெப்பர்ட் ஒருவரோடு தொடங்கியதும் இல்லை. பிரிட்டனில் செலஸ்ட் டாண்டெக்கர் என்ற நடனக் கலைஞர் 1973இல் மேடையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து முதுகெலும்பில் அடிபட்டார். 1991இல் அவரும் ஆடம் பெஞ்சமினும் சேர்ந்து கேண்டோகோ நடனக் குழுவைத் தொடங்கினார்கள். ஸ்காட்லாந்தின் கிளேர் கனிங்ஹாம் ஊன்றுகோல்களையே நடனமொழியாக வளர்த்தார். நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரில், கவிதா கிருஷ்ணனின் மாயா டான்ஸ் தியேட்டர் மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கென்றே ஒரு நடனக் கூட்டுக் குழுவை நடத்துகிறது.

ஷெப்பர்ட் குழுவின் இரண்டாவது வேலை, என் பெரியம்மாவின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. பார்வையற்றவர்களுக்கான ஒலி விளக்கம் புதிது இல்லை. 1980களின் தொடக்கத்தில் வாஷிங்டனில் மேடை நாடகங்களுக்கு அது வந்துவிட்டது. காதில் ஒரு கருவி, அதில் ஒரு குரல்: இப்போது அவர் எழுகிறார், இடது பக்கம் நடக்கிறார். தகவல் கிடைக்கும், நடனம் கிடைக்காது. கைனட்டிக் லைட் குழு ஆடிமான்ஸ் என்ற செயலியை உருவாக்கியது. லாரல் லாசன் ஆடுபவர் மட்டுமில்லை, தொழில்நுட்பமும் தெரிந்தவர். இந்தச் செயலியில் ஒரே நிகழ்ச்சிக்குப் பல ஒலித்தடங்கள் உண்டு. ஒன்று அசைவை விவரிக்கும். ஒன்று கவிதையாகப் பேசும். இன்னொன்று ஓசைகளாலேயே மேடையைக் காட்டும். கேட்பவர் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்து, வேண்டும்போது தாவிக்கொள்ளலாம். கண் இருப்பவர் மேடையில் காலைப் பார்ப்பதா முகத்தைப் பார்ப்பதா என்று தானே முடிவு செய்கிறாரே, அந்தச் சுதந்திரம்.

இதைப் படித்தபோது பெரியம்மாவின் விரல் என் உள்ளங்கையில் தட்டியதுதான் நினைவுக்கு வந்தது. பரதத்தில் ஓர் ஒலித்தடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பெயர் சொற்கட்டு.

ஆட்டத்தை நடத்தும் நட்டுவனார் மேடை ஓரத்தில் கைத்தாளத்தோடு உட்கார்ந்து சொல்வது வெறும் தாளக் கணக்கு மட்டும் இல்லை. தட்டடவுக்கு ‘தெய்யா தெய்’. நாட்டடவுக்கு ‘தெய்யும் தத்த தெய்யும் தா’. பாணிக்குப் பாணி கொஞ்சம் மாறும், ஆனாலும் ஒரு சொல் கேட்டால் இந்த அடவு வருகிறது என்று பழகிய காது தெரிந்துகொள்ளும். ‘ததிங்கிணதோம்’ மூன்று தடவை வந்தால் தீர்மானம் என்ற முத்தாய்ப்பு முடிகிறது. அதற்கு மேல் சலங்கை. அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, பாதம் முழுதாக விழுந்ததா, குதிகால் மட்டுமா, இரண்டு காலும் ஒரே நேரம் இறங்கியதா என்று எல்லாவற்றையும் சொல்லிவிடும். பெரியம்மா வர்ணத்தைப் பின்தொடர்ந்தது அப்படித்தான். பன்னிரண்டு வருட வாசல் பெஞ்ச் அவருக்குக் கொடுத்த பயிற்சி அது.

ஆனால் சொற்கட்டு காலைப் பற்றித்தான் பேசும். கை எங்கே இருக்கிறது, கண் எதைச் சொல்கிறது என்று சொல்லாது. பதத்தில், அபிநயத்தில், அந்தச் சொற்கட்டும் நின்றுவிடும். சஞ்சாரி என்று நாம் கொண்டாடுகிற பகுதி இருக்கிறதே, ஒரு வரிக்குப் பத்து விதமாகப் பொருள் விரித்துக் காட்டுவது, அங்கேதான் காதுக்கு எதுவுமே புதிதாகக் கிடைப்பதில்லை. பரதத்தின் மிக நுட்பமான இடம் பார்வையற்றவருக்கு முழுக்க மூடிய கதவு. ஓர் ஒலி விளக்கம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று யாராவது என்னைக் கேட்டால் இப்போது சொல்லத் தெரியும். ஜதிகளில் வாயை மூடிக்கொள்ளுங்கள், பதத்தில் பேசுங்கள்.

எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று பெருமைப்பட்டுக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம்மிடம் இருந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும்.

கை போகும் இடத்துக்குக் கண் போகட்டும், கண் போகும் இடத்துக்கு மனம் போகட்டும் என்ற சுலோகம் நாட்டியம் கற்ற பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூலில் வருவது. அதே நூலில் நாட்டியம் ஆடத் தகாத பெண் யார் என்று ஒரு பட்டியலும் உண்டு. பத்துக் குறைகள். கண்ணில் வெளிறல் உள்ளவள், முடி குறைந்தவள், தடித்த உதடு, தொங்கிய மார்பு, அதிகப் பருமன், அதிக மெலிவு, அதிக உயரம், அதிகக் குள்ளம், கூன், குரல் இல்லாமை. இந்தப் பட்டியலை வகுப்பில் இப்போது யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. ஆனால் கண்ணாடி முன்னால் வரிசையாக நிற்கும் பிள்ளைகளில் யார் முன்வரிசை, யார் பின்வரிசை என்று முடிவாகும்போது அது இன்னும் வேலை செய்கிறது. முழங்கால்களை இரு பக்கமும் மடித்துப் பாதி உட்காரும் அரைமண்டி சரியாக வரவில்லை என்று அடிக்கடி திருத்தப்படும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இடுப்பு எலும்பின் அமைப்பே அப்படி இருக்கிறது என்று யோசித்ததுண்டா?

சுலோகத்தையும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். பார்வையற்ற ஒரு பெண் ஆடினால் கை போகும் இடத்துக்குக் கண் எப்படிப் போகும்? மனம் கையோடு நேராகப் போகக் கூடாதா? நம் கை எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் நமக்குத் தெரியும். தசையும் மூட்டும் தரும் அந்த உணர்வுக்குச் சார்லஸ் ஷெரிங்டன் என்ற உடலியல் அறிஞர் 1906இல் தனிப் பெயரே வைத்தார். 1986இல் ஸ்டீவ் பாக்ஸ்டனும் ஆன் கில்கொய்னும் இங்கிலாந்தில் தொடங்கிய டச்டவுன் நடனக் குழு இந்த உணர்வையும் தொடுதலையும் வைத்துத்தான் பார்வையற்றவர்களையும் பார்வையுள்ளவர்களையும் சேர்த்து ஆட வைத்தது. ஒருவர் எடையை இன்னொருவர் வாங்கி, உருண்டு, தாங்கி, விட்டுக்கொடுத்து ஆடும் ஆட்டம் அது. கண்ணுக்கு அங்கே வேலை குறைவு.

அந்தப் பத்துக் குறைகளுக்கு எதிராக நம் மரபிலேயே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். காரைக்கால் அம்மையார். அழகான உடம்பு வேண்டாம் என்று கேட்டுப் பேயுருவம் வாங்கிக்கொண்டவர். வற்றிய மார்பு, குழிந்த கண், புடைத்த நரம்பு, நீண்ட பல் என்று பேயின் உருவத்தை அவரே பாடுகிறார். அபிநய தர்ப்பணத்தின் பட்டியலில் சில அதிலேயே வந்துவிடும். கயிலைக்குக் காலால் போகக் கூடாது என்று தலையால் நடந்து போனவர். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் அவரைப் பார்த்தால், எலும்பு தெரியும் உடம்போடு தரையில் உட்கார்ந்து, கையில் தாளம் வைத்திருப்பார். நடராஜரின் ஆட்டத்துக்குத் தாளம் போடுவது அவர். அதாவது அந்த ஆட்டத்தில் நட்டுவாங்கம் அந்த உடம்பின் கையில் இருக்கிறது. இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பெரியம்மா என் கையில் தட்டிய பிறகுதான் அதன் பொருள் எனக்கு உறைத்தது.

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் ஒன்று மரக்கால் ஆடல். துர்க்கை மரக்கால் கட்டிக்கொண்டு ஆடியது. கோயில் விழாக்களில் பொய்க்கால் குதிரை பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். மரத்தாலான காலை உடம்பில் சேர்த்துக்கொண்டு ஆடுவது தமிழ் ஆட்டத்துக்குப் புதிது இல்லை.

இந்த இடத்தில் பரதக் கலைஞர் சுதா சந்திரனைச் சொல்லாமல் போக முடியாது. 1981இல் திருச்சிப் பக்கம் நடந்த பேருந்து விபத்துக்குப் பிறகு அவருடைய ஒரு காலை எடுக்க வேண்டி வந்தது. ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு 1984இல் மறுபடி மேடை ஏறினார். நம் வீடுகளில் அவரைத் தொலைக்காட்சித் தொடர்களில் பார்த்திருப்பார்கள். அவருடைய துணிச்சலுக்கு முன்னால் யாரும் தலைவணங்குவார்கள். ஆனால் அந்தக் கதையை நாம் சொல்லும் விதத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ‘கால் போனதே தெரியவில்லை’ என்பதையே பெரிய பாராட்டாகச் சொல்கிறோம். இரண்டு கால் உள்ளவர் மாதிரியே ஆடினால்தான் வெற்றி என்று அதற்குப் பொருள். செயற்கைக் காலின் எடை வேறு, தரையில் அது எழுப்பும் ஓசை வேறு, முழங்கால் மடிகிற விதம் வேறு. அந்த வேறுபாட்டிலிருந்து ஓர் அடவு பிறக்கலாம் என்று நாம் கேட்டதே இல்லை. ஷெப்பர்ட் போன்றவர்கள் கேட்பது அதைத்தான்.

செவித்திறன் அற்றவர்கள் பக்கம் வருவோம். முத்திரைகள் இருப்பதால் பரதம் அவர்களுக்குச் சுலபமாகப் புரியும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்தவள்தான். அது தவறு. முத்திரை என்பது கற்றவர்களுக்கிடையே உள்ள ஒப்பந்தம், சைகை மொழி என்பது முழு மொழி. அதற்கு இலக்கணம் உண்டு, வட்டாரம் உண்டு. பினாங்கில் 1954இல் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியில், பிள்ளைகள் தங்களுக்குள் வளர்த்துக்கொண்ட சைகைகளிலிருந்து பினாங்கு சைகை மொழி பிறந்தது. இன்று நாடு முழுக்கப் புழங்குவது மலேசியச் சைகை மொழி. சைகை மொழிகளில் புருவம் உயர்வது வியப்பு மட்டும் இல்லை, பல நேரம் அது கேள்விக்குறி. நமக்கு முகம் பாவம், அவர்களுக்கு முகம் இலக்கணமும்கூட. இரண்டும் மேடையில் சந்தித்தால் எவ்வளவோ செய்யலாம். அதற்கு மொழிபெயர்ப்பாளரை மேடை ஓரத்தில் ஒரு விளக்கடியில் நிறுத்தினால் போதாது. சைகை மொழியிலேயே சிந்திக்கிற ஒருவர் ஒத்திகையின் முதல் நாளிலிருந்து கூட இருக்க வேண்டும். சிங்கப்பூரில் பிறந்து கிளாஸ்கோவில் வாழும் ரமேஷ் மெய்யப்பன் என்ற செவித்திறன் அற்ற நாடகக் கலைஞர், சொல்லே இல்லாமல் உடம்பாலும் காட்சியாலும் மட்டுமே நாடகம் அமைக்கிறார். அவருடைய பெயரைப் பார்க்கும்போது, இங்கேயும் இப்படி ஒருவர் நம் பிள்ளைகளில் இருந்திருப்பாரே, நாம்தான் மேடையைக் காட்டவில்லையே என்று மனம் கனக்கிறது.

ஓசையைக் காதால் மட்டும் கேட்பதில்லை என்பதைத் தைப்பூசத்துக்குப் போன யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பத்துமலையில் உறுமி மேளம் கிட்டே வரும்போது நெஞ்சுக்கூடு அதிரும். உறுமியின் முனகல் வயிற்றில் இறங்கும். தோலுக்குள் அதிர்வை உணரும் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. வினாடிக்கு 200 முதல் 300 அதிர்வுகள் வரும்போது அவை மிகக் கூர்மையாக உணரும். மேளம், மிருதங்கத்தின் இடந்தலை, தவில் எல்லாம் தோலையும் எலும்பையும் எட்டுகிற கருவிகள். நாற்காலியைச் சிமெண்டுத் தரையில் போடாமல் மரப்பலகை மேல் போட்டாலே காது கேளாத ஒருவருக்குத் தாளம் பாதத்தில் ஏறும். செலவு அதிகம் ஆகாத காரியம் இது. அதே உறுமி ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளைக்குத் தாங்க முடியாத வேதனையாக இருக்கலாம் என்பதும் உண்மை. ஒருவருக்குக் கதவு திறப்பது இன்னொருவருக்குக் கதவை மூடலாம். அதனால்தான் எல்லாருக்கும் ஒரே ஏற்பாடு என்று எதுவும் இல்லை. வந்து கேட்டால்தான் தெரியும்.

சரி, கோலாலம்பூரில் நிலைமை என்ன?

பிரிக்பீல்ட்ஸை எடுத்துக்கொள்வோம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கியது, அதன் தலைமையகம் அங்கேதான். 1981இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸும் அதே பிரிக்பீல்ட்ஸில்தான், எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் சலங்கை கட்டிய இடம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம். அந்தத் தெருக்களில் வெள்ளைக்கோல் தட்டும் சத்தமும் மாலையில் ஜதி சொல்லும் சத்தமும் ஒரே காற்றில்தான் கலக்கின்றன. நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் மேடு மேடாகப் பதித்த கற்கள் பாதத்துக்கு வழி சொல்கின்றன. திருவாரூரில் தண்டியடிகள் குளம் தோண்டியபோது குளத்துக்குள் ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டு, இடையில் கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார் என்று பெரியபுராணம் சொல்லும். பிறவியிலேயே பார்வையற்றவர் அவர். தனக்கு வழி எப்படி வேண்டும் என்று தானே முடிவு செய்து அமைத்துக்கொண்டவர் என்பதுதான் அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பண்பாட்டு வாழ்க்கையில் பங்குபெறும் உரிமையைச் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. ஒப்பந்தத்தை மலேசியா 2010இல் ஏற்றுக்கொண்டது. அதன் 30ஆவது பிரிவு கலை விஷயத்தில் இரண்டைக் கேட்கிறது. கலையைப் பார்க்க, கேட்க வழி வேண்டும் என்பது ஒன்று. தன் கலைத்திறனை வளர்த்துப் பயன்படுத்த வாய்ப்பு வேண்டும் என்பது இரண்டாவது. 2008 சட்டத்தில் மீறினால் தண்டனை என்று எதுவும் இல்லாததால் முதலாவதே தடுமாறுகிறது. இரண்டாவது நம் பேச்சிலேயே இல்லை. பல மண்டபங்களில் சாய்தளம் பார்வையாளர் வாசல்வரைதான். மேடைக்கு ஏறுவது ஏழெட்டுப் படி, ஒப்பனை அறைக்கு இன்னும் படி. சக்கர நாற்காலியில் இருப்பவர் பார்க்க வருவார் என்று ஒருவேளை யோசித்திருக்கிறார்கள். ஆட வருவார் என்று யோசிக்கவில்லை.

இது யாரோ சிலருடைய பிரச்சினை என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2019இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே இது மற்ற இனத்தாரைவிட அதிகம். நீரிழிவு கண்ணையும் காலையும் எடுக்கும் என்று ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்துக்கும் தெரியும். அரங்கேற்றத்துக்கு ஐந்நூறு பேரை அழைத்தால், அந்த மண்டபத்தில் கால் விரலை இழந்த சித்தப்பா இருப்பார், பார்வை மங்கும் அத்தை இருப்பார். வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களும் இருப்பார்கள், படியை நினைத்து.

நல்ல தொடக்கங்களும் நம் ஊரில் உண்டு. 1984இல் ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர் என்ற கலைக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான மரியன் டி குரூஸ், நடனப் பயிற்சியே இல்லாத உடம்புகளை மேடைக்குக் கொண்டுவந்தவர். யார் ஆடலாம் என்ற கேள்வியை இங்கே கேட்டாயிற்று. அதைப் பரத வகுப்புக்குள் கேட்பதுதான் பாக்கி.

அரங்கேற்றம் நடந்து மூன்று மாதம் கழித்து, பதத்தின்போது நடந்ததை அந்தப் பெண்ணின் ஆசிரியையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அம்மாவை ஒத்திகைக்கு அழைச்சிட்டு வாங்க” என்றார்.

ஒரு சனிக்கிழமை காலை போனோம். அவர் வகுப்பு கீழ்த்தளத்தில் இருக்கிறது, படி இல்லை. பெரியம்மாவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். அவர் நாற்காலி வேண்டாம், தரையில் உட்காருகிறேன் என்றார். ஐந்தாம் படிவம் படிக்கும் ஒரு மாணவி பக்கத்தில் உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தாள். “இப்ப அக்கா ரொம்ப அழகா கையைத் தூக்குறாங்க.” பெரியம்மா அவள் முழங்காலைத் தட்டினார். “அழகா இருக்குன்னு நான் சொல்லிக்கிறேன், கண்ணு. கை எங்க போகுதுன்னு நீ சொல்லு.”

இரண்டாவது தடவை விளக்கத்தை ஆடுகிற பெண்ணே சொல்லட்டும் என்றார் ஆசிரியை. அவள் ஆடிக்கொண்டே, மூச்சு வாங்க, தன் பாத்திரத்தின் குரலில் சொன்னாள். “வாசல்ல நிக்கிறேன். தெருவுல யாரும் இல்ல. கையில பூ. ஒண்ண பிச்சிட்டேன். இன்னொண்ணு.” பாடகி அதே வரியைத்தான் பாடினார். நாலாவது பூவில் அந்தப் பெண் சொல்வதை நிறுத்திவிட்டாள். சலங்கை ஒரு தடவை மட்டும் மெதுவாகக் குலுங்கியது. பெரியம்மா தரையிலிருந்து கையை எடுக்காமல், “உட்கார்ந்துட்டா” என்றார்.

பிறகு அடவுப் பயிற்சி. ஆசிரியை தட்டுக்கழியையும் பலகையையும் நகர்த்திப் பெரியம்மா முன்னால் வைத்து, கழியை அவர் கையில் கொடுத்தார். “நீங்க தட்டுங்கம்மா.” பெரியம்மா கழியின் நுனியைத் தடவிப் பார்த்தார், பலகையின் நடு எங்கே என்று விரலால் அளந்தார். தெய்யா தெய். ஆசிரியை வழக்கமாகத் தட்டுவதைவிட நிறையவே மெதுவான காலம். அந்தப் பெண் முதல் அடியில் முந்திவிட்டாள். நின்றாள். மறுபடி அரைமண்டியில் உட்கார்ந்து, கழி பலகையில் விழுவதற்காகக் காத்திருந்தாள்.